களத்தைக் கொடுத்த கையெழுத்து

இந்த வாரம் முழுவதும் ராகித் தூசு மேற்கிலிருந்து வருகிறது. கடைப் பலகைகளை எடுத்து வைக்கும்போதே மூக்கில் ஏறுகிறது. நம் ஊரில் தை மாதத்து ராகி வாசனை கிழக்கிலிருந்துதான் வர வேண்டும். கிழக்குத் தெருக் களத்தில் உருளைக்கல் உருளும், மாடு ஓட்டுகிறவர்கள் தெலுங்கில் ஒரு அதட்டலும் கன்னடத்தில் ஒரு அதட்டலும் போடுவார்கள், காற்று அத்தனை தூசையும் கொண்டுவந்து என் வெல்ல மூட்டைகளின் மேல் கொட்டும். அப்போது நான் காற்றைத் திட்டுவேன். இப்போது தூசு பஞ்சாயத்துப் பிரசிடெண்டின் சொந்தக் களத்திலிருந்து வருகிறது. இப்போதும் திட்டுகிறேன், ஆனால் உன்னை.

செத்துப் போனவனைத் திட்டக் கூடாது என்று என் வீட்டுக்காரி சொல்கிறாள். நீ போய் ஆறு மாதம் ஆகிறது. ஆடி மாதக் காய்ச்சலில் நாலே நாளில் போய்ச் சேர்ந்தாய். அன்றைக்கு உன்னைத் தூக்கிக்கொண்டு போனபோது கிழக்குத் தெருவில் பாதிக் கதவுகள் சாத்தியிருந்தன. உன் தெரு, உனக்காகக் கை தூக்கிய தெரு. நான் கூடவே நடந்தேன், அழவில்லை. அழுகை வரவேண்டிய இடத்தில் எரிச்சல்தான் வந்தது. அந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

அந்தப் பஞ்சாயத்துத் தேர்தல் ஞாபகம் இருக்கிறதா? பள்ளிக்கூடத்துக்கு முன்னால் எல்லாரையும் உட்காரவைத்து, ஆபீசர் பேரைச் சொல்லச் சொல்லக் கை தூக்கச் சொன்னார்கள். உன் பேரைச் சொன்னதும் முனியம்மா இரண்டு கையையும் தூக்கிவிட்டாள். "ஒரு கை போதும்மா" என்று ஆபீசர் சிரித்தார். "எனுக்கு ரெண்டு கை இருக்குதே சாமி" என்றாள் அவள். உன் தெருவில் அரைக்காணி நிலத்தில் தனியாகப் பாடுபடுகிறவள், புருஷன் இல்லாதவள், நீ ஜெயித்ததற்கு அவள்தான் முதலில் குலவையிட்டாள். மறுநாளே நீ ஓசூர் போய் ஒரு மைப் பேனா வாங்கிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு வந்தாய். பை முழுக்க மை கசிந்தது. "மெம்பர் ஆனா சட்டை நீலமாயிடுமா?" என்று நான் கேலி செய்தேன்.

அந்தப் பேனாவால் உனக்கு எழுதத் தெரிந்தது தெலுங்கு மட்டும்தான். தமிழ் எங்களைவிட நன்றாகப் பேசுவாய். சண்டை என்றால் தமிழ், கொஞ்சல் என்றால் தெலுங்கு, மாட்டு வியாபாரம் என்றால் கன்னடம். ஆனால் தமிழ் எழுத்தை எழுத்துக்கூட்டிக்கூட உன்னால் படிக்க முடியாது. பஞ்சாயத்துக் கடிதங்களோ தமிழில்தான் வரும். அது எனக்கு மட்டும் தெரிந்த சங்கதி. "பேசறதுக்கு நானு, படிக்கறதுக்கு நீயி, பாய்" என்று சொல்லிவிட்டுக் காகிதத்தை என் தராசுத் தட்டில் போடுவாய். நான் படிப்பேன், நீ கண்ணை மூடிக்கொண்டு கேட்பாய். இந்த மடலைக்கூட நீ இருந்திருந்தால் நான்தான் உனக்குப் படித்துக் காட்டியிருக்க வேண்டும்.

நம் ஊர்ப் பஞ்சாயத்து போர்டு கூடியதைவிடப் பியூனின் சைக்கிள் ஓடியதுதான் அதிகம். கூட்டம் என்று ஒன்று நடக்காது. பிரசிடெண்டு தன் வீட்டில் உட்கார்ந்து கிளார்க்கிடம் சொல்லுவார், கிளார்க் கூட்டம் நடந்ததாகவே எழுதி முடிப்பான், பியூன் அந்தத் தீர்மானப் புத்தகத்தைச் சிவப்புத் துணியில் சுற்றிச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போவான். ஒரு மெம்பர் வரப்பில் நின்று கையெழுத்துப் போடுவார். இன்னொருவர் சவரம் செய்துகொண்டே போடுவார், தாளில் சோப்பு நுரை சொட்டியிருக்கும். நீ ஒருவன்தான் பியூனை நிறுத்திவைத்துப் புத்தகத்தை என் கடைக்குக் கொண்டுவருவாய். அதில் எனக்கு உள்ளூர ஒரு பெருமை இருந்தது. இப்போது சொல்லி என்ன.

இந்த ஊர் மைசூரோடு போகுமா, மெட்ராஸிலேயே நிற்குமா என்று எல்லாரும் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த வருஷம் அது. ஒரு நாள் என் கடையின் முன்பந்தலைப் பஞ்சாயத்து ஆட்கள் பிரித்துப் போட்டார்கள். ரோட்டை ஆக்கிரமித்திருக்கிறதாம். பிரசிடெண்டின் மச்சானுடைய புளிக் கிடங்கு ரோட்டில் பாதியை அடைத்துக்கொண்டு நின்றது, அது ஆக்கிரமிப்பு இல்லை. நீ வந்து பார்த்தாய். "சட்டம்னு சொல்றாங்க, நான் இன்னா பண்றது பாய்?" என்றாய். எனக்கு வந்த கோபத்தில் உன்னைக் கடை ஏறவே விடவில்லை.

மூன்றாம் நாள் அசர் தொழுகை முடிந்து வந்து உட்கார்ந்தேன். நீ புத்தகத்தோடு வாசலில் நின்றாய். பின்னால் பியூன் சைக்கிள் மணியை அடித்துக்கொண்டே இருந்தான். "கரெண்டு விளக்கு விசயமாம். தெருவுக்கெல்லாம் விளக்கு போடறாங்களாம், வூட்டு வரி கொஞ்சம் ஏறுமாம். பக்கம் நெறைய எழுதியிருக்குது, ஒருக்கா பாத்துச் சொல்லேன்" என்றாய். நான் நிமிரவில்லை. "உங்க போர்டுதான? பந்தலப் பிரிக்கத் தெரியுது, படிக்கத் தெரியாதா? நீயே படிச்சுக்க" என்றேன்.

பியூன் காதில் விழும்படி சொன்னேன். வேண்டுமென்றேதான் சொன்னேன். உன் காது மடல் சிவந்தது. நீ பேனாவை எடுத்தாய், புத்தகத்தை முழங்காலில் வைத்து, பக்கத்தின் கடைசியில் தெலுங்கில் பேரை எழுதி அவனிடம் கொடுத்தாய்.

அந்தப் பக்கத்தில் விளக்கு முதல் தீர்மானம். நாலாவது தீர்மானம் இது: "கிழக்குத் தெருக் களம் உபயோகத்தில் இல்லாதபடியால் அதனை வண்டிப்பேட்டையாக மாற்றி வருஷா வருஷம் ஏலம் விடத் தீர்மானிக்கப்பட்டது." உபயோகத்தில் இல்லாத களமாம்! நாற்பது குடும்பங்கள் சாணம் மெழுகி முறை வைத்துக் கதிர் அடித்துக்கொண்டிருந்த களம். ஏலம் எடுத்தது யார் என்று கேட்கவே வேண்டாம். முள்வேலி போட்டு, புளி வண்டிகளை நிறுத்தி, குறுக்கே ஒரு மூங்கிலைக் கட்டிவிட்டான் அந்த மச்சான். விளக்கும் வந்தது. பிரசிடெண்டு வீட்டோடு கம்பம் நின்றுவிட்டது. உன் தெரு இன்றைக்கும் இருட்டுக்கு வரி கட்டுகிறது.

களம் போனால் என்ன ஆகும் என்று காகிதம் எழுதியவர்களுக்குத் தெரியாமலா இருக்கும்? கதிரை அறுத்துவிட்டால் அடிக்க இடம் வேண்டும். இடம் இருப்பது பிரசிடெண்டிடம். அவருடைய கதிர்ப்போர் முழுக்க அடித்து முடிந்த பிறகுதான் மற்றவர்களுக்கு, அதுவும் பங்கு கொடுத்துவிட்டு. முதல் வருஷமே தையில் பருவம் தப்பி மழை பிடித்துக்கொண்டது. முனியம்மா தன் கதிர்க் கட்டுகளை வீட்டுக்குள் அடுக்கி, பிள்ளைகளோடு வெளியே கூரை ஓரத்தில் ஒண்டிக்கொண்டிருந்தாள். முறை வந்தபோது கதிரெல்லாம் முளைவிட்டிருந்தது. பச்சையாக முளைத்த ஒரு கதிரைக் கொண்டுவந்து என் கல்லாப் பெட்டி மேல் வைத்தாள். "இத இன்னா பண்றது பாய்? நட்டுடவா?" என்றாள். அந்த வருஷம் அவள் வீட்டில் களி கிண்டியதைவிடக் கீரை வேகவைத்த நாள்தான் அதிகம்.

களத்தைத் திருப்பிக் கேட்டு உன் தெருவுக்கு மனு எழுதிக்கொடுத்தது நான்தான். பெரிய யோக்கியன் மாதிரி உட்கார்ந்து பக்கம் பக்கமாக எழுதினேன். ஜீப்பில் ஆபீசர் வந்தார், பள்ளிக்கூடத்தில் நாற்காலி போட்டு விசாரித்தார். நல்ல மனுஷன்தான். உன்னைக் கூப்பிட்டு நேராகவே கேட்டார். "கூட்டம் நடந்ததா? தீர்மானத்தைப் படிச்சுட்டுத்தான் கையெழுத்துப் போட்டீங்களா?" அவர் உனக்கு வழி வெட்டிக் கொடுத்துவிட்டு நின்றார். 'கூட்டமே நடக்கலைங்க, எனக்குத் தமிழ் படிக்க வராதுங்க' என்று சொன்னால் போதும், அந்தத் தீர்மானம் அன்றைக்கே கிழிந்திருக்கும்.

நீ சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாய். தெரு மொத்தமும் ஜன்னல் பக்கம் நின்றது. "நடந்துச்சுங்க. படிச்சுட்டுத்தான் போட்டேன்" என்றாய்.

பிரசிடெண்டு மீசையைத் தடவிக்கொண்டார். ஆபீசர் காகிதத்தை மூடினார். எவ்வளவு அற்பமான பொய்! எதைக் காப்பாற்றினாய்? கசியும் ஒரு பேனாவையா? உன் தெருவில் எத்தனை பேருக்குப் படிக்கத் தெரியும்? யார் உன்னைப் பார்த்துச் சிரித்திருப்பார்கள்? நாற்பது வீட்டுக் களத்தைவிடப் பெரிதா உன் மானம்? இதை உன் முகத்துக்கு நேரே கேட்க மூன்று வருஷம் எனக்கு அவகாசம் இருந்தது. நீ தினமும் வந்து என் கடை மூட்டை மேல் உட்கார்ந்தாய், தெருவில் உன்னோடு பேச ஆளில்லாமல். நான் கேட்கவில்லை.

கேட்க முடியவில்லை என்பதே சரி. விசாரணையில் அந்தப் பொய்யைச் சொல்வதற்கு முன்னால் நீ ஒரு தடவை என்னைத் திரும்பிப் பார்த்தாய். நான் தரையைப் பார்த்தேன். நான் எழுந்து, 'அவன் என்னிடம்தான் கொண்டுவந்தான், நான் படித்துக் காட்டவில்லை' என்று சொல்லியிருக்கலாம். உன் மானத்தைக் காப்பாற்றத்தான் வாயை மூடிக்கொண்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மூடிக்கொண்டது என் மானத்துக்காகத்தான். ஒரு பந்தலுக்காக ஒரு களத்தை விட்டுக்கொடுத்தவன் நான். நீயாவது அதை யாரிடமும் சொல்லாமல் போனாய். அதற்கும் சேர்த்துத்தான் உன்மேல் கோபம் வருகிறது. ஒரு நாள், ஒரே ஒரு நாள், 'நீ படிக்காததால் வந்த வினைதானே' என்று நீ கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

நேற்று முனியம்மா வரி நோட்டீஸைக் கொண்டுவந்தாள். இப்போது எல்லாம் நயா பைசாவில் வருகிறது, பழைய கணக்கும் புதுக் கணக்கும் அவளுக்குக் குழம்புகிறது. நான் படிக்கப் படிக்க அவள் வழக்கம்போல உன்னைத் திட்டினாள். "பட்ச்சுட்டுப் போட்டானாம், பட்ச்சுட்டு. அந்தக் கை அழுகாம இருக்குமா?" என்றாள். வழக்கமாக நான் அந்த நேரத்தில் எதையாவது நிறுத்துக் கட்டத் தொடங்குவேன். நேற்று முடியவில்லை. சொல்லிவிட்டேன், பந்தல் முதல் தரையைப் பார்த்தது வரை.

அவள் முழுவதையும் கேட்டாள். பிறகு, "அவருக்குத் தமிழ் பட்ச்சிக்கத் தெரியாதுன்னு எங்களுக்குத் தெரியாதா பாய்? உங்கிட்ட கொண்டாந்து கேப்பாருன்னுதான நாங்க நம்பிக்கினு இருந்தோம்" என்றாள். நோட்டீஸை என் கையிலிருந்து வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கிப் போனாள். பாதி படித்திருந்தேன். மீதியைப் பள்ளிக்கூடத்து வாத்தியாரிடம் படிக்கச் சொல்லியிருப்பாள்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே உட்கார்ந்து புது மனு எழுதி முடித்தேன். சேலத்துக் கலெக்டருக்கு. கூட்டம் நடக்கவில்லை என்று எழுதியிருக்கிறேன். காலமான மெம்பருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது என்று எழுதியிருக்கிறேன். படிக்கத் தெரிந்த நான் படித்துக் காட்ட மறுத்தேன் என்றும் எழுதி, என் பேரைப் போட்டிருக்கிறேன். களம் திரும்புமா என்று தெரியாது. செத்தவன் கையெழுத்தைக் கேள்வி கேட்கச் சட்டத்தில் இடமில்லை என்று சொல்லி அனுப்பினாலும் அனுப்புவார்கள். நாளைக் காலை பஸ்ஸுக்குப் போகிறேன், மனு சட்டைப் பையில் இருக்கிறது. நீ மூடி மூடி வைத்திருந்ததை ஊரறியச் சொல்லப்போகிறேன். உனக்குக் கோபம் வரும். வரட்டும், இந்தத் தடவையாவது நீ என்மேல் கோபப்படு.