எலுமிச்சை மரத்தடி வால்வு

மார்ச் 6

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுவது. அன்றைக்குத் தோட்டத்தில் நின்றவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு எவரும் "நான் அங்கே இல்லை" என்று சொல்லக் கூடாது. நீர்ப்பாசன அதிகாரி, மீட்டர் பார்க்கிறவர், ஜீப் ஓட்டுநர், பக்கத்துத் தோட்டத்துக் கண்ணாடிக்காரர், உன் தங்கை, நான். நீதான் என்னை அன்றைக்குக் கண் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னாய். பஸ் வரவில்லை, திரும்பிவிட்டேன்.

வந்தவர்கள் கிணற்றை எட்டிப் பார்க்கவில்லை. மோட்டாரையும் தொடவில்லை. நேரே எலுமிச்சை மரத்தடிக்குப் போனார்கள். "இங்க வெட்டுங்க" என்றார் அதிகாரி. இரண்டு வெட்டில் வால்வு தலை காட்டியது. உன் தங்கை வயலுக்குப் போகிற குழாய்.

"கிணத்துத் தண்ணி வேலியத் தாண்டக் கூடாதுன்னு தெரியாதா பாட்டி?"

"எங்க தாண்டுது? என் மக வயலுக்குத்தானே போகுது."

"மக வயலா இருந்தாலும் வேலி வேலிதான்."

குழாயை அறுத்து, மூடி போட்டு, சீல் வைத்தார்கள். தக்காளி நாற்று நட்ட ஈரம்கூடக் காயவில்லை. "இந்த ஒரு போகம் விட்டுடுங்க சார்" என்று உன் தங்கை கையெடுத்துக் கும்பிட்டாள். அவர் ஜீப்பில் ஏறிவிட்டார்.

கண்ணாடிக்காரர்மேல்தான் எனக்குச் சந்தேகம். நம் ஆட்டைப் பிடித்துக் கட்டிப்போட்ட மனுஷன், நான் மறக்கவில்லை. ஆனால் வால்வு இருக்கும் இடம் அவருக்கு எப்படித் தெரியும்? புதைத்தது நீயும் உன் அப்பாவும். அப்பா எழுந்து வந்து சொல்லியிருக்க மாட்டார். யார் காட்டிக்கொடுத்தது என்று விசாரித்து எழுது. பேரப்பிள்ளைகளுக்கு என் முத்தம்.

அம்மா

மார்ச் 15

அன்புள்ள அம்மாவுக்கு,

கண்ணாடிக்காரரைத் திட்டாதீர்கள். சொன்னது நான்தான்.

நிலம் என் பெயரில் இருக்கிறது. எல்லாத் தோட்டங்களிலும் சோதனை வரப்போவதாகக் கேள்விப்பட்டேன். நாமாகச் சொன்னால் அந்தக் குழாயோடு போகும். அவர்களாகக் கண்டுபிடித்தால் கிணற்றுக்கே சீல் வைப்பார்கள். உங்கள் கண்ணெதிரே நடக்க வேண்டாம் என்றுதான் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன். ஒரு மாதமாக உள்ளுக்குள் வைத்துப் புழுங்கினேன் அம்மா. தங்கையிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். கண்ணைக் காட்டினீர்களா?

பெரியவன்

மார்ச் 24

நில உரிமையாளர் அவர்களுக்கு,

கிணறு பத்திரமாக இருக்கிறது. கண்ணை நான் காட்டவில்லை, தெரிய வேண்டியது தெரிகிறது.

ஒரு மாதமாகப் புழுங்கியதாக எழுதியிருக்கிறாய். அந்த மாதத்தில்தான் உன் தங்கை உனக்குப் போன் போட்டாள். "அண்ணே, நாத்து வாங்கட்டுமா?" என்று கேட்டாள். "வாங்கிப் போடும்மா, இந்தத் தடவை நல்லா வரும்" என்றாய். நான் பக்கத்தில் நின்று கேட்டேன். சோதனைக்குப் பயந்தாய், அதை ஒத்துக்கொள்கிறேன். "இந்தப் போகம் வேண்டாம்" என்று ஒரு வார்த்தை சொல்ல என்ன கேடு? நடாமல் இருந்திருப்பாள். நாங்கள் இரண்டு பேரும் கத்துவோமே என்று வாயை மூடிக்கொண்டாய். அவளை நடவிட்டுக் குழாயை அறுத்தாய்.

குடத்தில் மொண்டு வேலிக்கு மேலே ஊற்றிப் பார்த்தோம். அந்தப் பக்கமாக வந்த மீட்டர்காரர் எங்களைப் பார்த்தார், பிறகு வானத்தைப் பார்த்துக்கொண்டு போய்விட்டார். எத்தனை குடம் ஊற்ற முடியும்? வேலியோரத்து ஒரு வரிசை நிற்கிறது. மற்றதெல்லாம் சருகு.

அதிகாரிக்கு அது வேலை. அவரை விட்டுவிட்டேன். கண்ணாடிக்காரர் தன் வாளியைக் கொண்டுவந்து கொடுத்தார். ஆட்டு விஷயம் தனி, ஆனாலும் அவரையும் விட்டுவிட்டேன். உன் தங்கை "பாவம்மா அண்ணன், பயந்துட்டாரு" என்கிறாள். அவள் மறந்துவிடுவாள். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு ஞாபகம் நிற்காது.

எனக்கு நிற்கும். நான் சாகும்வரை மன்னிக்காத ஆள் ஒரே ஒருவன்தான்: என் மூத்த மகன்.