மூன்றாவது மீசான் கல்

தாராவி
6 ஜனவரி 2025

அன்புத் தங்கச்சி பரீஹா,

அஸ்ஸலாமு அலைக்கும். போனில் என்னை நீ பிளாக் செய்து ஒரு வருடம் ஆகப்போகிறது. தபால்காரரை பிளாக் செய்ய வழி இல்லை என்பதால் எழுதுகிறேன். வாப்பாவை அடக்கிய அன்று மையித்தோடு கபரஸ்தானுக்கு வருவேன் என்று நீ அழுததும், "பொம்பளையாளு அங்கெல்லாம் வரப்புடாது" என்று நான் தடுத்ததும் இருக்கட்டும். இது சிரிக்க வேண்டிய சமாச்சாரம்.

நேற்று ஜமாஅத் இளைஞர்கள் புதையல் வேட்டை நடத்தினார்கள். தங்கம் ஒன்றும் இல்லை. திருநெல்வேலிச் சீமையிலிருந்து முதன்முதலில் இங்கே வந்து தோல் பதனிட்ட குடும்பங்களின் கபர்களைத் தேட வேண்டும். இங்கே இருக்கிற இட நெருக்கடியில் பழைய கபரிலேயே அடுத்தவரை அடக்கம் செய்கிறார்கள், எது யாருடையது என்று யாருக்குத் தெரியும்? கண்டுபிடித்தால் அந்த முன்னோரின் பெயர் பள்ளிவாசல் பலகையில் ஏறும். கூடவே ஒரு சட்டி நெய்ச்சோறு.

நான் மண்வெட்டியோடு மாப்பிள்ளை மாதிரி போனேன். வேப்பமரத்தடியில் கொள்ளுத்தாத்தா முகைதீன் பிச்சையின் கபர் இருக்கிறதே! மரத்தின் வேர் சுற்றியதால் யாரும் தோண்டாமல் விட்டது. தாத்தா வாப்பாவுக்குக் காட்டி, வாப்பா எனக்குக் காட்டி, ஒவ்வொரு பராஅத் இரவுக்கும் பூப்போட்டு ஓதும் இடம். புல்லைச் செதுக்கினேன். தலைமாட்டில் ஒரு மீசான் கல், கால்மாட்டில் ஒன்று. நடுவில் மண்ணுக்குள் 'டங்'கென்று இன்னொன்று.

"அரே, தீன் பத்தர்!" என்று மூன்று கல்லையும் பார்த்துப் பையன்கள் கத்தினார்கள். ஆணுக்கு இரண்டு கல், பெண்ணுக்கு மூன்று கல் என்பது நம் ஊர்ப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். பைப் பட்டறை இஜாஸ் சும்மா இருப்பானா? "என்னவே தாஹிரு, இத்தனை காலமா ஒரு பொம்பளையாளுக்கா ஓதிக்கிட்டு இருந்தீரு?" பள்ளிவாசல் நிர்வாகி முத்தவல்லியே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அது யார்? கொள்ளுத்தாத்தா எங்கே? உம்மாவின் கடைசிக் காலத்தில் கூட இருந்தவள் நீதான். தெரிந்தால் எழுது.

அண்ணன்
அபுதாஹிர்

கல்யாண்
14 ஜனவரி 2025

அண்ணனுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். ரயிலில் படித்து நான் சிரித்த சிரிப்பில், பக்கத்தில் இருந்த மராத்திக்கார அம்மா தானும் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

அது செய்தூன் பீவி, நம் கொள்ளுப்பாட்டி. கொள்ளுத்தாத்தா தங்கை கல்யாணத்துக்காக ஊருக்குப் போனவர், அங்கேயே காய்ச்சலில் மவுத்தாகி மேலப்பாளையத்தில் அடங்கியிருக்கிறார். இரண்டு கைக்குழந்தைகளோடு இங்கேயே நின்று தோல் பட்டறையை நடத்தியவள் அவள். 'பட்டறையை ஆண்டவுக' என்று தாத்தா தன் உம்மாவைத்தான் காட்டியிருக்கிறார், கேட்ட வாப்பா அது ஆம்பளை என்று எடுத்துக்கொண்டார். உம்மா வெங்காயம் உரிக்கும்போது பத்துத் தடவையாவது சொல்லியிருப்பாள். ஆம்பளைகள் யாரும் கேட்கவில்லை. கேட்காதவர்களிடம் சொல்வானேன் என்று நாங்களும் இருந்துவிட்டோம்.

பெண்கள் வரக்கூடாத இடத்துக்கு வரிசையாகப் போய், ஒரு பெண்ணுக்கே மூன்று தலைமுறையாக சலாம் சொல்லியிருக்கிறீர்கள். நன்றாக வேண்டும்!

சிரித்து முடித்ததும் அழுதேன் அண்ணே. வாப்பாவின் கபரைச் சுற்றி எந்த வேரும் இல்லை. வரும் மழைக்காலம் முடிந்தால் அங்கே வேறு யாரையாவது வைத்துவிடுவார்கள். அதற்குள் ஒரே ஒரு தடவை நான் அங்கே நிற்க வேண்டும். அது இல்லாமல் உங்கள் நெய்ச்சோறு எனக்கு இறங்காது.

பரீஹா

தாராவி
27 ஜனவரி 2025

அன்புத் தங்கச்சிக்கு,

நேற்று கமிட்டியில் நம் வீட்டுச் சண்டையைவிடப் பெரிய சண்டை. பலகையில் முகைதீன் பிச்சை பெயரை எழுதி வைத்திருந்தார்கள். "அதை அழிங்க. செய்தூன் பீவின்னு எழுதுங்க" என்றேன். "பொம்பளையாளு பேரையா?" என்று ஒருவர் இழுத்தார். "பட்டறையைக் கட்டி ஆண்டது அவுகதானவே!" என்று நான் போட்ட சத்தத்தில் டீ கொண்டுவந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். பெயரை மாற்றி எழுதினார்கள்.

அந்தச் சூட்டோடு முத்தவல்லியிடம், "என் தங்கச்சி வந்து ஓதணும். எங்க வாப்பாவுக்கும்" என்றேன். அவர் தாடியைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு, "சத்தம் போடாம வந்து ஓதட்டும்வே. நீரும் சத்தம் போடாதீரும்" என்றார்.

வரும் ஞாயிறு காலையில் வா. சயான் ஸ்டேஷனில் நிற்கிறேன்.

அபுதாஹிர்

கல்யாண்
3 பிப்ரவரி 2025

பிரியமுள்ள அண்ணனுக்கு,

நேற்று நேரில் சொல்ல வாய் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் ஒருத்திதான் வருவேன் என்று நினைத்தேன். கபரஸ்தான் வாசலில் பார்த்தால், சேதி கேட்டு இஜாஸ் அண்ணனின் உம்மா, அவர் மருமகள் சாயிமா, பேர் தெரியாத எத்தனையோ பேர் துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டு நிற்கிறார்கள். செய்தூன் பீவிக்கு நேற்றுக் கிடைத்த பூவில் ஒரு கல்யாணமே நடத்தியிருக்கலாம். எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

வாப்பாவின் கபரருகே நீங்கள் யாசீன் ஓத ஆரம்பித்து, பாதியில் குரல் உடைந்து நின்றுவிட்டீர்கள். விட்ட இடத்திலிருந்து நான் எடுத்து ஓதி முடித்தேன். நீங்கள் என்னைத் தடுக்கவில்லை. தலைகுனிந்து, கடைசிவரை கேட்டுக்கொண்டு நின்றீர்கள்.

வாப்பாவின் இடத்தை அடுத்தவருக்குக் கொடுக்கும்போது எனக்குச் சொல்லுங்கள். இனி எனக்கு அதில் வருத்தம் இல்லை. யாராக இருந்தாலும் சரி, வந்து அவருக்கும் சேர்த்து ஓதுகிறேன்.

உங்கள் தங்கச்சி
பரீஹா