சிவப்பு வராத திரை

நண்பா,

இன்று காலை விராலிமலைக் கிடங்கில் புது சர்வருக்குச் சந்தனம் பூசினார்கள். காற்று போகும் துவாரங்களிலும் தாராளமாகவே பூசினார்கள். அந்த வாசனையில் உன் ஞாபகம் வந்தது, கூடவே கோபமும்.

போன தடவை, பழைய சர்வரில், ப்ளக்-இன் என்ற அந்தச் சின்ன மென்பொருளை நிறுவியவன் நீ. குளிர்பதன இயந்திரங்கள் எழுதும் பதிவுகளை எஸ்.க்யூ.எல். டேட்டாபேஸுக்கு அனுப்புவது அதன் வேலை. அங்கிருந்து கம்ப்ரசர் அறை வாசலில் இருக்கும் திரைக்கு வரும். "மெசினு வாய்விட்டுச் சொல்றத யாராச்சும் கேக்கணும்ல மாப்ள" என்றாய். மேலாளர் ராகுகாலம் கழியக் காத்திருந்து, பிள்ளையார் சுழியை முதல் பதிவாக ஏற்றச் சொன்னார். ஏற்றினாய். இரண்டாவது பதிவு சிவப்பில் வந்தது: குளிரூட்டும் குழாயில் அம்மோனியா அழுத்தம் அதிகம்.

"நல்ல காரியத்துல செவப்பு வரலாமா? அத எடுத்துருங்க தம்பி."

"வால்வ மாத்துனா தானா போயிரும் சார்."

"வால்வ அப்பறம் பாக்கலாம். ஹெட் ஆபீஸ்ல பாத்துக்கிட்டிருக்காங்க."

நீ எடுக்கவில்லை. தங்கை மகளின் காதுகுத்துக்குத் தாய்மாமனாக நீ பொன்னமராவதி போயிருந்த அன்று, அவர் திருச்சியிலிருந்து ஓர் ஆளை வரவழைத்தார். எச்சரிக்கைகளை மட்டும் அனுப்பாதே என்று ப்ளக்-இன்னில் ஒரு வரி சேர்ந்தது. கிடங்கு அன்றே ஆரோக்கியமாகிவிட்டது.

உன்னிடம் யாரும் சொல்லவில்லை, எனக்கும் தெரியாது. மறுநாள் திரை முழுக்கப் பச்சை. "வால்வ மாத்திட்டாரு போல. பரவால்ல, மனுசந்தான்" என்று சிரித்தபடி உள்ளே போனாய். குழாய் வெடித்தது.

விசாரணை முறைப்படி நடந்தது. டேட்டாபேஸில் எச்சரிக்கை ஒன்றுகூட இல்லை; ஆகவே ஊழியரின் கவனக்குறைவு. திருச்சி ஆள் பின்னால் என்னிடம் உண்மையைச் சொன்னார். அந்த வரியை மேலாளரிடம் காட்டினேன். "அது அவரு வச்ச செட்டிங்குதானே? செத்தவரக் குறை சொல்லலாமா?" என்றார். உன் படத்துக்கு மாலை போட்டவரும் அவர்தான். நல்ல மாலை, ரோஜா.

இன்று ப்ளக்-இன்னை நான் நிறுவினேன். சிவப்பு வந்தது. அவர் தொண்டையைச் செருமினார்.

"தம்பி, அது..."

"எடுக்க மாட்டேன் சார். அங்கிட்டுத் தள்ளி நில்லுங்க, வால்வப் பாக்கணும்."

மாற்றி முடிக்கும்வரை ஒருவரையும் உள்ளே விடவில்லை.

கோபம் ஆறிவிடும் என்கிறார்கள். ஆறவிடுவதாக இல்லை. பச்சையை நான் நம்புவதில்லை. உள்ளே போனவர் திரும்பும்வரை அந்தக் கதவருகே நிற்கிறேன். வந்ததும், "இம்புட்டு நேரமா என்னய்யா பண்ணுன?" என்று கத்துகிறேன். அவர்களுக்கு என் மேல் வருத்தம். வெளியே வந்துதானே வருத்தப்படுகிறார்கள், படட்டும்.