பீரோவுக்குப் பின்னால் ஒரு ஜாடி

திருப்பாச்சூர்
22.9.2024

அன்புள்ள விக்டோரியாவுக்கு,

இங்கே வந்ததிலிருந்து இரவும் பகலும் யோசித்து, எல்லாப் பக்கத்து நியாயங்களையும் எடை போட்டு, கடைசியில் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். ஜாடியை ஜன்னலோரத்திலிருந்து எடுத்து பீரோவுக்குப் பின்னால் வைக்க வேண்டும். கடிதம் கிடைத்த அன்றே இதை நிறைவேற்று. புரட்டாசி வெயில் சாய்வாக உள்ளே வரும். நாவல்பழத்தின் நிறம் வெளுத்துப்போனால், கிறிஸ்துமஸ் அன்று எந்த முகத்தோடு பாஸ்டரிடம் டம்ளரை நீட்டுவேன்?

நான் நலம். கை நடுக்கம் குறைந்திருப்பதை இந்த எழுத்திலேயே பார்க்கலாம். இந்தக் குடி மறப்பு இல்லத்தில் போனை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். பார்க்க வர யாருக்கும் அனுமதி இல்லை. வாரம் ஒரு கடிதம் உண்டு. டிசம்பர் பதினைந்து, ஞாயிற்றுக்கிழமை, வெளியே விடுவார்கள். சேர்க்கும்போது கையெழுத்துப் போட்டவரே வந்து கூட்டிப்போக வேண்டும், அதாவது நீ. மறுநாள் காலை ஷிப்டுக்கு இவர்கள் தரும் சர்டிபிகேட்டோடு மில்லில் நிற்காவிட்டால் வேலை இல்லை என்று மேனேஜர் சொன்னது உனக்கும் நினைவிருக்கும். அவரைக் குறை சொல்ல மாட்டேன். போதையில் நான் கிரேனிலிருந்து இறக்கிய இரும்புக் கட்டு மணிகண்டனின் காலுக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தது. அந்த ஒரு சாணின் தயவில்தான் ஜெயிலுக்குப் போகாமல் இங்கே இருக்கிறேன்.

சேர்ந்த அன்று கவுன்சிலர் கேட்டார்.

"இன்னா இன்னா குடிப்ப?"

"குவார்ட்டர் சார்."

"வேற?"

"வேற ஒண்ணும் கிடையாது சார்."

இது பொய் இல்லை. ஜாடியில் இருப்பது குடி அல்ல. பக்கத்து வீட்டு வரதனின் பம்புசெட்டு ஓரத்து மரத்துப் பழம், சர்க்கரை, லவங்கம், பட்டை, ஊறுவதற்குக் கொஞ்சம் பிராந்தி. எங்கள் அப்பா காலத்திலிருந்து பண்டிகைக்கு வருகிறவர்களுக்குச் சின்ன டம்ளரில் கொடுப்பது. சபையிலேயே யாரும் அதைக் குடி என்று சொன்னதில்லை.

ஒவ்வொரு ஞாயிறும் ஆராதனை முடிந்து வந்ததும் ஜாடியைக் குலுக்கி, ஒரு ஸ்பூன் ருசி பார்த்து எனக்கு எழுது. நான் செய்ய வேண்டிய வேலை, என் நாக்கை இங்கே அடைத்து வைத்திருக்கிறார்கள்.

உன்
ஸ்டீபன்

பி.கு. கிறிஸ்டினா எப்படிப் படிக்கிறாள்?


புதுகும்மிடிப்பூண்டி
30.9.2024

அன்பான கணவருக்கு, ஸ்தோத்திரம்.

ஜாடியை நகர்த்தியாயிற்று. கிறிஸ்டினா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். பீரோவுக்குப் பின்னால் எலி ஓடும் பாதை. இனி அதுவும் உங்கள் ஜாடியைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். உங்கள் கடிதத்தில் ஜாடிக்கு நிறைய வரி, பெற்ற மகளுக்கு ஒரு வரி, அதுவும் பி.கு.வில். குறை சொல்லவில்லை, கண்ணில் பட்டது.

பிளஸ் டூ படிக்கிற பிள்ளை எப்படிப் படிப்பாளோ அப்படிப் படிக்கிறாள். உங்கள் சம்பளம் நின்றதால் கம்பெனியில் இரண்டாவது ஷிப்டும் கேட்டு வாங்கிக்கொண்டேன். பேக்கிங் டேபிளில் உட்கார ஸ்டூல் கிடையாது. உட்கார்ந்தால் தூக்கம் வருமாம். ராத்திரி வீட்டுக்கு வந்ததும் காலை வாளித் தண்ணீரில் வைத்துக்கொள்கிறேன்.

நீங்கள் சொன்ன ஸ்பூன் குடித்தேன். இருமல் மருந்து மாதிரி இருந்தது. கிறிஸ்டினா பார்த்துவிட்டு, "இன்னாமா, நாக்கெல்லாம் ஊதா கலரு?" என்றாள். "நாவப்பழம்டி" என்றேன். "இந்த மாசத்துல ஏதுமா நாவப்பழம்?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். வேளைக்குச் சாப்பிடுங்கள்.

இப்படிக்கு
விக்டோரியா


திருப்பாச்சூர்
13.10.2024

அன்புள்ள விக்டோரியாவுக்கு,

இருமல் மருந்து என்ற உன் தீர்ப்பை ஏற்க மறுக்கிறேன். விழுங்கினால் அப்படித்தான் இருக்கும். நாக்கில் நிறுத்து. முதலில் லவங்கம் வர வேண்டும், பிறகு பழம், கடைசியில் ஈறைப் பிடிக்கிற துவர்ப்பு. எது முந்துகிறது என்று பொறுமையாகப் பார்த்து எழுது.

நாங்கள் எழுதுவதை வார்டன் மேலோட்டமாகப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் தபாலில் சேர்ப்பார். போன கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு கூப்பிட்டார்.

"இன்னாய்யா ஜாடி, கீடின்னு எழுதிக்கினு கீற?"

"நாவப்பழம் சார். கிறிஸ்மஸுக்கு ஊற வெச்சது."

"நாவப்பழமா? சுகருக்கு நல்லதாச்சே" என்று கவரை ஒட்டிவிட்டார். ஆகவே இந்த விஷயத்தில் வார்டனும் பாஸ்டரும் என் கட்சி.

இங்கே காலையில் யோகா, பிறகு கஞ்சி, பிறகு சாட்சி சொல்வது. ஒவ்வொருவனாக எழுந்து தான் எப்படிக் கெட்டான் என்று சொல்ல வேண்டும். பள்ளிப்பட்டுக்காரர் ஒருவர் எழுந்து, "ஒடம்பு வலிக்குத்தான் சார் ஆரம்பிச்சேன்" என்றதும் அறையே சிரித்தது. இங்கே வந்த அத்தனை பேரும் அதே வரியில்தான் ஆரம்பித்திருக்கிறார்களாம். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன் என்பதால் சிரிக்கக் கொஞ்சம் தாமதமாயிற்று.

கிறிஸ்டினாவுக்கு என் அன்பு. இந்த முறை பி.கு.வில் எழுதவில்லை என்பதைக் கவனி.

உன்
ஸ்டீபன்


புதுகும்மிடிப்பூண்டி
27.10.2024

அன்பான கணவருக்கு, ஸ்தோத்திரம்.

நீங்கள் சொன்னது சரிதான். நாக்கில் நிறுத்தினால் வேறு மாதிரி இருக்கிறது. லவங்கம் முன்னால் வந்து கதவைத் தட்டுகிறது, பழம் பின்னால் மெதுவாக வருகிறது. துவர்ப்பு இன்னும் அடங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் பார்த்தால் சரியாகத் தெரிவதில்லை என்று புதன்கிழமையும் பார்த்தேன். புதனுக்கும் ஞாயிறுக்கும் வித்தியாசம் இருக்கிறது. அதனால் நடுவிலும் பார்க்கிறேன்.

இரண்டு ஷிப்ட் நின்றுவிட்டு வருகிற உடம்பு வலிக்கு அந்த ஒரு ஸ்பூன் நல்லதாகத்தான் இருக்கிறது. ஸ்பூன் என்று பழக்கத்தில் எழுதிவிட்டேன், டம்ளர். சின்ன டம்ளர்தான், பாஸ்டருக்குக் கொடுப்பது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில், நீங்கள் எந்த நேரத்தில் எப்படி வருவீர்கள் என்று காது கொடுத்துக்கொண்டே படுத்திருப்பேன். இப்போது படுத்ததும் தூங்கிவிடுகிறேன்.

தீபாவளிக்கென்று வரதன் அண்ணன் புது அரிசி கொண்டுவந்து போட்டார். உங்களைக் கேட்டார்.

ஜாடியில் நாலு விரல் குறைந்திருக்கிறது. பழம் உறிஞ்சுகிறது போல.

இப்படிக்கு
விக்டோரியா


திருப்பாச்சூர்
10.11.2024

அன்புள்ள விக்டோரியாவுக்கு,

"லவங்கம் முன்னால் வந்து கதவைத் தட்டுகிறது." இந்த வரியைப் பக்கத்துக் கட்டில்காரருக்குப் படித்துக் காட்டினேன். உனக்கு இப்படி ஒரு நாக்கு இருப்பது தெரியாமல் இத்தனை வருஷம் உன் குழம்பைக் குறை சொல்லியிருக்கிறேன்.

ஆனால் பழம் நாலு விரல் உறிஞ்சாது. அரிசி கொண்டுவந்தவன் அரிசியைப் போட்டுவிட்டு நேராக வாசலுக்குப் போனானா? வரதனைப் பள்ளியிலிருந்து தெரியும். நல்லவன், ஆனால் பீரோவுக்குப் பின்னால் எட்டிப் பார்க்கக்கூடியவன். அவனை அந்தப் பக்கம் விடாதே. குறைந்த அளவுக்குப் பிராந்தி வாங்கி ஊற்று. பழம் வெளியே தெரிந்தால் பூஞ்சை பிடித்து, மொத்தமும் வீண்.

எனக்கு இங்கே பதவி உயர்வு. காலை ஜெபத்தை நான்தான் நடத்துகிறேன். புதிதாக வருகிறவர்களுக்கு என்னைக் காட்டி, "இவர மாதிரி இருக்கணும்" என்கிறார் கவுன்சிலர். சங்கத்துக்கு நோட்டீஸ் எழுதிய காலத்தில்கூட யாரும் என்னை அப்படிக் காட்டியதில்லை.

உன்
ஸ்டீபன்


புதுகும்மிடிப்பூண்டி
24.11.2024

அன்பான கணவருக்கு, ஸ்தோத்திரம்.

பிராந்தி ஊற்றியாயிற்று. வரதன் அண்ணனை அனுப்ப வேண்டாம் என்று நீங்கள் நினைப்பீர்கள் என்பதால் நானே கடைக்குப் போனேன். தலையில் முக்காடு போட்டுக்கொண்டு நின்றேன். வரிசையில் ஒருவன் திரும்பிப் பார்த்து, "டேய், யக்காவுக்கு வழி வுடுங்கடா. நம்ம ஸ்டீபன் அண்ணன் ஊட்டுக்காரம்மா" என்றான். எல்லோரும் விலகி நின்றார்கள். உங்களுக்கு அங்கே இவ்வளவு மரியாதை இருப்பது எனக்குத் தெரியாது. கவுண்டரில் இருந்தவர், "இன்னா வேணும்மா?" என்று கேட்டார். கேக்குக்கு என்று சொல்லிவிட்டேன். அடுத்த முறை போனபோது அவர் கேட்கவில்லை, எடுத்துக் கொடுத்துவிட்டார்.

அடுத்த முறை ஏன் போனேன் என்று கேட்பீர்கள். பழம் மறுபடி உறிஞ்சிவிட்டது.

கம்பெனியில் ஒன்றும் தொந்தரவு இல்லை. கேட்டில் ஆண்களை மெஷினில் ஊதச் சொல்லித்தான் உள்ளே விடுகிறார்கள். "லேடீஸுக்கு எதுக்குமா அதெல்லாம்" என்று சூப்பர்வைசர் எங்களை விட்டுவிடுவார். இரண்டு முறை பஸ்ஸைத் தவற விட்டதற்கு மட்டும் திட்டினார்.

கிறிஸ்டினா என்னோடு பேசுவதைக் குறைத்துவிட்டாள். கேட்டால், "நீங்க ரெண்டு பேரும் லெட்டர்லயே பேசிக்கினு இருங்க" என்கிறாள். படிப்பு பாரம்.

துவர்ப்பு முழுக்க அடங்கிவிட்டது. இவ்வளவு நன்றாக உங்கள் கையில்கூட வந்ததில்லை.

இப்படிக்கு
விக்டோரியா


திருப்பாச்சூர்
1.12.2024

விக்டோரியா,

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அதில் எனக்குப் புதிதாக ஒரு வரிகூட இல்லை. இங்கே தினமும் காலையில் கஞ்சிக்குப் பிறகு கேட்கிறேன்.

வரதனைச் சந்தேகப்பட்டதற்கு அவனிடம் நேரில் மன்னிப்புக் கேட்பேன். ருசி பார்த்து எழுது என்று சொன்னவன் நான். குறைந்ததற்கு ஊற்று என்று சொன்னவனும் நான். இங்கே எனக்கு நல்லவன் என்று பெயர்.

ஜாடியைக் கொல்லையில் கவிழ்த்துவிடு. பாஸ்டருக்கு ரஸ்னா கரைத்துக் கொடுக்கலாம். அவர் அதையும் ஜெபித்துவிட்டுத்தான் குடிப்பார்.

இன்னொன்று. இங்கேயும் கேட்டில் ஊதும் மெஷின் உண்டு. கூட்டிப்போக வருகிறவரும் ஊத வேண்டும், ஆண் பெண் பார்க்க மாட்டார்கள். குடித்தவர் கையில் யாரையும் ஒப்படைப்பதில்லை. இதை உன்னிடம் எழுத வேண்டிய நாள் வருமென்று நான் நினைத்ததில்லை.

பதினைந்தாம் தேதி வா. மறுநாள் நான் மில்லில் நிற்க வேண்டும். நான் கிரேனில் ஏறியதும் நீ இரண்டாவது ஷிப்டை விட்டுவிடு.

ஸ்டீபன்


புதுகும்மிடிப்பூண்டி
8.12.2024

அன்பான கணவருக்கு, ஸ்தோத்திரம்.

நீங்கள் சொன்னபடி ஜாடியைக் கொல்லையில் கவிழ்த்தேன். பழத்தை வரதன் அண்ணன் வீட்டுக் கோழிகள் வந்து தின்றன. சாயங்காலம் வரை வேலியோரம் படுத்திருந்தன. "இன்னா தங்கச்சி, கோழிங்கள்லாம் சொக்கிக்கினு கீது, சீக்கா?" என்று அண்ணன் வந்து கேட்டார். காலையில் எழுந்து நடந்தன.

நீங்கள் இவ்வளவு பயப்பட்டிருக்க வேண்டாம். அது பழம்தான். நீங்களே எழுதியது.

உங்கள் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் பெரியபாளையம் வழியாக வருகிறேன்.

இப்படிக்கு
விக்டோரியா


திருப்பாச்சூர்
15.12.2024

விக்டோரியா,

நீ வரவில்லை.

விடிவதற்கு முன்பே பையைக் கட்டிவிட்டேன். அவசரத்தில் கண்ணாடியையும் உள்ளே வைத்துக் கட்டி, அதை மறுபடி அவிழ்க்கச் சோம்பல்பட்டு, மாடி ஜன்னலில் நின்று மங்கலாகவே ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னோடு முடித்தவர்களை ஒவ்வொருவராகக் கூட்டிப்போனார்கள். பள்ளிப்பட்டுக்காரரை அவர் மனைவி கன்னத்தில் ஓர் அறை வைத்து, அதன் பிறகு கையைப் பிடித்துக் கூட்டிப்போனாள். பொறாமையாக இருந்தது.

வாட்ச்மேனிடம் இரண்டு முறை கேட்டேன். என் முகத்தைப் பார்க்காமல், "வந்தா கூப்புட மாட்டமா? போய்ச் சாப்புடு" என்றார். எதிர் டீக்கடையில் முக்காடு போட்ட ஒரு பெண் மடியில் பையை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அவளும் என்னைப் போல யாருக்கோ காத்திருந்தாள் போல. மதியத்துக்கு மேல் எழுந்து போய்விட்டாள்.

கிறிஸ்டினாவுக்கு உடம்புக்கு ஏதாவதா? பஸ் இல்லையா? காரணம் எதுவாக இருந்தாலும் சரி, கடிதம் கிடைத்த உடனே மேனேஜரைப் பார்த்து இரண்டு நாள் தவணை கேள்.

ஸ்டீபன்


புதுகும்மிடிப்பூண்டி
19.12.2024

அன்பான கணவருக்கு,

வந்தேன்.

கேட்டில் மெஷினை நீட்டினார்கள், ஊதினேன். வாட்ச்மேன் மெஷினைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அதைத் தொடையில் தட்டிக்கொண்டார். "இன்னொருக்கா ஊதுமா. மெஷினு பேஜாரு பண்ணுது" என்றார். ஊதினேன். "இன்னாமா இது, காலங்காத்தால?" என்றார். பழம் என்று சொன்னேன். மெஷினுக்கு அது தெரியவில்லை.

கவுன்சிலரைக் கூப்பிட்டார்கள். நல்ல மனிதர், சத்தம் போடவில்லை. அடுத்து அனுப்புவது புத்தாண்டுக்குப் பிறகுதானாம். அதுவரை உங்களை அங்கேயே வைத்திருப்பார்களாம். என்னையும் ஒரு நாள் வந்து பேசச் சொன்னார். உங்களிடம் சொல்ல வேண்டாம், நானே எழுதுகிறேன் என்று இரண்டு பேரிடமும் கேட்டுக்கொண்டேன்.

டீக்கடையில் இருந்தது நான்தான். நீங்கள் ஜன்னலில் நின்றது தெரிந்தது. மெலிந்திருக்கிறீர்கள். முகம் தெளிவாக இருக்கிறது. கையைத் தூக்கலாம் என்று நினைத்தேன், தூக்கவில்லை.

ஜாடியைக் கவிழ்த்தேன் என்று எழுதியது பொய் இல்லை. வடிகட்டி பாட்டிலில் எடுத்துவிட்டுக் கவிழ்த்தேன். சனிக்கிழமை தூக்கம் வரவில்லை. விடிகாலையில் கிளம்பும்போது கை நடுங்கியது. நடுங்குகிற கையோடு உங்கள் எதிரில் வந்து எப்படிக் கையெழுத்துப் போடுவது என்று நினைத்தேன். கொஞ்சம் போல எடுத்துக்கொண்டதும் நின்றுவிட்டது.

கிறிஸ்டினா வரதன் அண்ணன் வீட்டில் இருந்துகொண்டு அரையாண்டுப் பரீட்சை எழுதுகிறாள். புத்தகங்களையும் துணியையும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். கிறிஸ்துமஸ் அன்று வருவதாகப் பாஸ்டர் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே, திங்கட்கிழமை, மேனேஜரைப் பார்க்க மில்லுக்குப் போனேன். அங்கேயும் கேட்டில் மெஷின் இருந்தது. திரும்பி வந்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை மணிகண்டன் வந்தான். கிரேன் கூண்டில் நீங்கள் ஒட்டி வைத்திருந்த கிறிஸ்டினாவின் போட்டோவைக் கொடுத்துவிட்டு, உங்கள் லாக்கர் சாவியை வாங்கிக்கொண்டு போனான்.

இப்படிக்கு
விக்டோரியா