அடுப்பில்லாத வீடு

சிதம்பரம்
6.2.2025

அன்புள்ள மாமாவுக்கு,

புஷ்பா எழுதுகிறேன். இங்கே நம் மகள் கனிமொழியும் மாப்பிள்ளையும் சுகம். போனில் பேசினால் இரண்டாவது பேச்சிலேயே நமக்குள் சண்டை வந்துவிடுகிறது, நீங்கள் வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படி வைக்க முடியாதல்லவா? அதனால்தான் எழுதுகிறேன்.

குறிஞ்சிப்பாடியில் இயற்கை உணவு முகாமுக்குப் போய் வந்து, "இனிமே சமைச்சது எதையும் தொடமாட்டேன். பால், தயிரும் வேணாம்" என்றீர்கள். சரி என்றேன். காய் நறுக்கினேன், தேங்காய் துருவினேன், பயறு முளைகட்டினேன். சம்பந்தி வீட்டார் வந்த அன்று, நான் வைத்த வஞ்சிரம் குழம்பை எல்லார் எதிரிலும் தள்ளிவிட்டு வெள்ளரிக்காயைக் கடித்தீர்கள். அதையும் பொறுத்தேன். ஆனால் நான் திருவந்திபுரம் கோவிலுக்குப் போய்த் திரும்புவதற்குள் கேஸ் அடுப்பைத் தூக்கி எதிர்வீட்டு முத்தம்மாளுக்குக் கொடுத்துவிட்டீர்களே! நீங்கள் பச்சையாகச் சாப்பிடுவது உங்கள் இஷ்டம். ஒரு டம்ளர் காபி வைத்துக்கொள்ள வழியில்லாத வீட்டில் எனக்கு என்ன இடம்?

வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள்.

இப்படிக்கு,
இருபத்தெட்டு வருஷம் உங்களுக்கு ஆக்கிப்போட்ட
புஷ்பவள்ளி

கடலூர்
10.2.2025

அன்புள்ள புஷ்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. நான் நன்றாக இருக்கிறேன். காலையில் ஊறவைத்த அவலும் தேங்காயும். மதியத்துக்குக் கேரட், வெள்ளரி, கொய்யா. ராத்திரி வாழைப்பழம். பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டிருக்கிறேன். ஸ்கூல் லேபில் பசங்கள், "அண்ணா, பாதியா ஆயிட்டீங்க" என்கிறார்கள்.

அடுப்பு விஷயத்தில் உன்னைக் கேட்காதது தப்பு. அது வீட்டில் எரிந்தால் என்னால் இருக்க முடியவில்லை. காரணம் கேட்காதே.

ஒரு வேடிக்கை. நேற்று முத்தம்மாள் வாசலிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டு, "என்னாண்ணே, எலி ஏதும் செத்துக் கெடக்குதா? தெரு வரைக்கும் வீசுது" என்றாள். தேடிப் பார்த்தால், முளைகட்டின பயறு துணியோடு கொழகொழத்துக் கிடக்கிறது. அதில் பாதியைக் காலையில்தான் தின்றிருந்தேன். வயிறு படுத்திய பாட்டில் இன்று ஸ்கூலுக்குப் போகவில்லை. இப்போது பரவாயில்லை. நீ சிரிக்கட்டும் என்று எழுதினேன்.

அன்புடன்,
பழனிவேல்

சிதம்பரம்
14.2.2025

அன்புள்ள மாமாவுக்கு,

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நானும் இங்கே உங்களைப் போலச் சாப்பிட்டுப் பார்த்தேன், தெரியுமா? அப்படி என்னதான் இருக்கிறது என்று. பீட்ரூட்டை மென்று தாடை கழன்றுவிட்டது. "அம்மா, ஏன் இப்பிடி அசைபோடுற" என்று கனிமொழி சிரித்தாள். கொய்யா நன்றாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் சாயங்காலம் பக்கத்து வீட்டில் யாரோ வெங்காயம் தாளித்தார்கள். அவ்வளவுதான், தட்டை வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். அந்த வாசனையை எப்படி விட்டீர்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் உங்கள் கடிதம் வந்தது.

பால் லேசாகத் திரிந்தாலே கூடத்திலிருந்து மூக்கைச் சுளிப்பவர் நீங்கள். தெருவே நாறும் பயறு உங்களுக்கு எப்படித் தெரியாமல் போயிற்று? கார்த்திகை மாதம் நான் கேஸைச் சரியாக மூடாமல் விட்டுவிட்டேனே, ஞாபகம் இருக்கிறதா? நான் கொல்லையிலிருந்து அலறிக்கொண்டு ஓடி வருகிறேன், நீங்கள் அடுப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தீர்கள்.

மாமா, உங்கள் மூக்குக்கு என்ன ஆயிற்று?

புஷ்பா

கடலூர்
18.2.2025

அன்புள்ள புஷ்பாவுக்கு,

ஐப்பசியில் எனக்குக் காய்ச்சல் வந்து போனதல்லவா, அதோடு மூக்கும் போய்விட்டது. லேபில் அம்மோனியா பாட்டில் உடைந்தபோதுதான் தெரிந்தது. எல்லாரும் கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே ஓடினார்கள். எனக்கும் கண் எரிந்தது, நாற்றம் மட்டும் தெரியவில்லை.

வெறுமனே போயிருந்தால் பரவாயில்லை. கொஞ்ச நாளில் வேறு மாதிரி திரும்பி வந்தது. வெங்காயம் வதங்கினால் டயரை எரிக்கிற நாற்றம். காபி, மீன், தாளிப்பு, அடுப்பில் ஏறுவது எல்லாமே டயர்தான்; மற்ற எந்த வாசனையும் இன்னும் தெரியவில்லை. நீ பரிமாறிவிட்டு, "எப்பிடி மாமா இருக்கு?" என்பாய். "ஜோரா இருக்கு" என்பேன். நீ அந்தப் பக்கம் திரும்பியதும் கொல்லைக்குப் போய்த் துப்புவேன்.

முகாமில் ஒருவர் வெள்ளரித் துண்டு கொடுத்தார். கடித்தேன். நாற்றமே இல்லை. ருசியும் இல்லைதான், ஆனால் நறுக்கென்று சில்லென்று இருந்தது. அங்கேயே எனக்கு அழுகை வந்துவிட்டது. "மொத நாளு எல்லாருக்கும் அப்பிடித்தாங்க இருக்கும்" என்று தட்டிக்கொடுத்தார்.

உடம்புக்கு நல்லது என்று சொன்னால் உனக்கு மனம் நோகாது. நீ சமைப்பது நாறுகிறது என்று எந்த வாயால் சொல்வேன்?

பழனிவேல்

சிதம்பரம்
21.2.2025

அன்புள்ள மாமாவுக்கு,

படித்துவிட்டு மாடியில் போய் நின்றேன். கோபம்தான் முதலில் வந்தது. என் சமையல் அலுத்துவிட்டது, நானும் அலுத்துவிட்டேன், வேறு சொல்லத் தெரியாமல் இந்த மனுஷன் அடுப்பைத் தூக்கிக் கொடுத்திருக்கிறார் என்றல்லவா இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன்? நீங்கள் தனியாகக் கொல்லையில் நின்று துப்பியதை நினைத்தேன். அப்புறம் கோபம் தங்கவில்லை.

இங்கே ஒரு மூக்கு டாக்டரைப் பார்த்துக் கேட்டேன். காய்ச்சலுக்குப் பிறகு சிலருக்கு இப்படி ஆகுமாம். எலுமிச்சை, கிராம்பு என்று தினமும் முகர்ந்து பழக்க வேண்டுமாம். சிலருக்குச் சரியாகும், சிலருக்கு ஆகாது, ஆளை நேரில் பார்க்காமல் சொல்ல முடியாது என்றார். வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு வாருங்கள். அதுவரைக்கும் பச்சையாகவே சாப்பிடுங்கள், ஆனால் அன்றன்றைக்கு ஊறவைத்ததை மட்டும்.

இன்னொன்று கேட்க வேண்டும். கனிமொழி முன்னால் போனில் கேட்க முடியாது. நான் இங்கே வருவதற்கு முன்னால் கொஞ்ச நாளாக, பக்கத்தில் வந்து படுத்தால் திரும்பிப் படுத்துக்கொண்டீர்கள். என் மேலும் அந்த நாற்றம்தானா? மறைக்காமல் எழுதுங்கள்.

புஷ்பா

கடலூர்
24.2.2025

என் புஷ்பாவுக்கு,

ஆமாம். உன் முடியிலும் புடவையிலும் தாளித்த வாசனை தங்கும். அது எனக்கு அப்படித்தான் வந்தது. இல்லை என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். மறைக்காதே என்று கேட்டுவிட்டாய்.

நீ போன பிறகு வீட்டில் ஒரு நாற்றமும் இல்லை. நிம்மதியாக இருக்கும் என்று நினைத்தேன். உன் தலையணையை எடுத்து முகத்தில் வைத்துப் பார்த்தேன். அதிலும் ஒன்றும் இல்லை. நாறினாலும் பரவாயில்லை, இருந்தால் போதும் என்று இருந்தது. இனி திரும்பிப் படுக்க மாட்டேன்.

லீவு சொல்லிவிட்டேன். வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். டாக்டர் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன். திரும்பி வரும்போது எத்தனை டிக்கெட் வாங்குவது என்பதை மட்டும் நீ சொல்.

உன்,
பழனிவேல்