விரதக் களைப்பு என்றுதான் எல்லாரும் சொன்னார்கள்

என் செல்லக் கழுதை குணாவுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை உன் மகள் ஓடினாள். தைப்பூசம் முடிந்த கையோடு வருமே, கடற்கரை ரோட்டில், வருஷத்தின் முதல் ஓட்டம், அதில்தான். நான் வழக்கம்போல விடியலிலேயே போய் வழியோரம் நின்றுகொண்டேன். யாழினி மோசமாக ஓடினாள். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். வேறு யாரிடம் போய்ச் சொல்வேன்?

"மொத ரேஸ்ல டைம பாக்காதக்கா, ஆளப் பாரு" என்பாய். ஆளைத்தான் பார்த்தேன். நான் பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடாதவள்தான். ஆனாலும் இத்தனை வருஷம் தண்ணீர்ப் போத்தலைத் தூக்கிக்கொண்டு உன் பின்னால் அலைந்ததில் எனக்கும் கொஞ்சம் பார்க்கத் தெரிந்துவிட்டது. தோள் காதுவரை ஏறினால் பயிற்சி போதவில்லை. காலடிச் சத்தம் தொப்புத் தொப்பென்று கேட்டால் கால் கனத்துவிட்டது. யாழினியிடம் அதெல்லாம் ஒன்றுமே இல்லை. போகும்போது அவ்வளவு லட்சணமாகப் போனாள், என் கண்ணே பட்டிருக்கும்.

திரும்பி வரும்போதுதான். மேடு இல்லை, எதிர்க்காற்று இல்லை, திடீரென்று நடக்க ஆரம்பித்தாள். கை நெஞ்சுக்குப் போனது. என்னைப் பார்த்ததும் கையை எடுத்துவிட்டு மறுபடி ஓடினாள். முடிவுக் கோட்டைத் தாண்டியபோது உதடு வெளுத்திருந்தது. என்னடி செய்கிறது என்று கேட்டேன். மூச்சு வாங்கிக்கொண்டே கையை மட்டும் ஆட்டினாள்.

அவளுடைய கோச் மணியம் வந்து தோளில் தட்டினான். "விரதம்லா அக்கா. ஒருவேளச் சாப்பாடு, பால்குடம் தூக்கித் தண்ணீர்மலைக் கோயிலுக்கு ஏறியிருக்கா. வேறென்ன? ஏப்ரல்ல பாருங்க, பறப்பா."

அது உன் வார்த்தை, குணா. அதே ரோட்டில், அதே ஓட்டத்தில், காவடி எடுத்த களைப்பு என்று சொல்லிக்கொண்டு நீயும் கடைசி ஆட்களோடு வந்து சேர்ந்தாய். "ஏப்ரல்ல பாருக்கா" என்று சிரித்தாய். உனக்கு ஏப்ரல் வரவில்லை. மார்ச்சில் ஒரு நாள் காலை, ஆயர் ஈத்தாம் அணைக்கட்டுக்கு ஏறுகிற ரோட்டில் குப்புற விழுந்து கிடந்தாய். யாரோ ஒரு சீனக் கிழவர் கண்டெடுத்துச் சொல்லியனுப்பினார்.

நம் ஆட்களுக்கு இது ஒரு வசதி. மற்றவன் பிள்ளை மெதுவாக ஓடினால் உடம்புக்கு என்னவென்று கேட்பான். நம் பிள்ளை மெதுவாக ஓடினால் விரதம் என்று சொல்லிவிடுவோம். சாமி பேரைச் சொன்னபிறகு யார் குறுக்குக் கேள்வி கேட்பது? முருகனும் பாவம், நாம் கும்பிட்டதையும் கேட்டுக்கொண்டு நம் நெஞ்சுவலிப் பழியையும் சுமக்கிறான்.

நானும் விரதம் இருக்கிறவள்தானே, எனக்குத் தெரியாதா? பசிக் களைப்பு என்றால் புறப்படும்போதே தெரியும். இனிப்பாக ஒரு கிளாஸ் சிராப் தண்ணீர் உள்ளே போனால் முகம் தெளிந்துவிடும். இவளுக்கு இரண்டு கிளாஸ் கொடுத்தும் உதட்டில் நிறம் வரவில்லை. "ஆஸ்பத்திரிக்குப் போறோம்" என்றேன். "அத்தை, சும்மா டிராமா பண்ணாதீங்கலா" என்றாள். மணியம் சிரித்தான். அங்கே வந்திருந்த உன் மனைவி வனஜா சிரிக்கவில்லை. கார் சாவியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.

நெஞ்சில் ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் ஒரு மலாய்ப் பெண், சின்ன வயசுதான், நிதானமாகப் பேசினாள். இதயத் தசை தடித்துப்போயிருக்கிறதாம். குடும்பத்தில் வழிவழியாக வருவதாம். "இவளுடைய அப்பா எப்படி இறந்தார்?" என்று கேட்டாள். "ஓடும்போது" என்றாள் வனஜா. டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

இனி போட்டியில் ஓடவே கூடாது. மருந்து உண்டு, இன்னும் சோதனைகள் உண்டு, நெஞ்சுக்குள் ஒரு கருவி வைக்கவேண்டி வரலாம். சொல்பேச்சுக் கேட்டு இருந்தால் நெடுநாள் இருக்கலாம் என்றாள். எனக்கும் ஸ்கேன் பார்க்கவேண்டுமாம், கூடப்பிறந்தவள் இல்லையா. அதை விடு. யாழினியைச் சொல்கிறேன். காரில் ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. ஃபிளாட்டுக்கு வந்ததும் காலில் போட்டு ஓடுகிற சப்பாத்தைக் கொண்டுபோய்க் கீழே குப்பைத் தொட்டியில் போட்டாள். நான் போய் எடுத்து வந்தேன். மறுபடியும் போட்டாள். சரி கிடக்கட்டும் என்று விட்டுவிட்டேன். ஓட்டத்தைத் தவிர அவளுக்கு என்ன தெரியும், தம்பி? நீயும் வேறெதைக் கற்றுக்கொடுத்தாய்?

நேற்றுச் சாயந்திரம் நான் சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றாள்.

"அத்தை, எனக்கு முன்னாடியே தெரியும்."

"என்ன தெரியும்?"

"நெஞ்சு இறுகுறது. போன வருசத்துலேருந்தே இருக்கு."

"ஏண்டி சொல்லல?"

"அப்பாவுக்கும் இப்படித்தான் இருந்துச்சு. அந்தக் கடைசி ரேஸ்ல, நான் நின்ன எடத்துக்கிட்ட வந்து ரோட்டோரமா உக்காந்துட்டாரு. நெஞ்சப் புடிச்சுக்கிட்டாரு. 'அத்தைகிட்ட சொல்லிராதடா கண்ணு, அப்புறம் ஓட விடமாட்டா'ன்னாரு. நான் சொல்லவே இல்ல. சொல்லியிருந்தா அப்பா இருந்திருப்பாருல்ல? அப்பாவுக்காகச் சொல்லாத வாய், எனக்கு வந்தா மட்டும் தெறக்கணுமா?"

கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். அடப் பாவி! அப்போது அவள் ஆரம்பப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை. முன்பல் விழுந்து முளைத்துக்கொண்டிருந்தது. அந்த வாயையா கட்டினாய்? இத்தனை வருஷமாக அந்தக் குழந்தை உன்னைக் கொன்றவள் தான்தான் என்று நினைத்துக்கொண்டு, உன் படத்துக்குப் பூ வைத்துக்கொண்டு, உன் ரோட்டிலேயே ஓடிக்கொண்டிருந்திருக்கிறாள். நெஞ்சு வலித்தபோதும் வாயைத் திறக்காமல் ஓடியிருக்கிறாள். உனக்கு அவ்வளவு பயமா என்மேல்? நான் திட்டியிருப்பேன். கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகியிருப்பேன். வேறென்ன செய்திருப்பேன், கொன்றா போட்டிருப்பேன்?

அவள் முகத்தைப் பிடித்துத் திருப்பி, "தப்பு ஒன்னோடது இல்ல. ஒங்கப்பன் தப்பு" என்றேன்.

"அப்பாவ அப்படிச் சொல்லாதீங்க!" என்று கத்தினாள். பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. நான் விடவில்லை. "பெரிய மனுசன் செஞ்ச தப்புடி. புள்ளைகிட்ட அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. ஒங்கப்பன் தப்பு, ஒங்கப்பன் தப்பு" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். என்னை அடித்தாள், குணா. தோளில், கையில், மாறி மாறி அடித்தாள். அப்புறம் அடிக்கிற கை ஓய்ந்து என்மேல் சாய்ந்து அழுதாள். உன் சாவு வீட்டில் அழாத பிள்ளை.

நீ பயந்துபோய்ச் சொன்னாய், அறியாமல் சொன்னாய் என்பது எனக்குத் தெரியும். ரோட்டோரத்தில் தனியாக நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாயே என்று நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் அதை அவளிடம் சொல்லமாட்டேன். நாளைக்கும் உன் தப்பு என்றுதான் சொல்வேன். உன் படத்துக்கு முன்னால் அவளை நிறுத்திவைத்துச் சொல்வேன். அவள் நம்புகிறவரை, நான் இருக்கிறவரை சொல்வேன். இது சத்தியம்.

கோபித்துக்கொள்ளாதே, தம்பி. என்ன சொன்னாலும் இனி உனக்கு வலிக்காது. அவளுக்கு வலிக்கிறது.

உன்னைத் திட்டியே உன் பிள்ளையைப் பிழைக்கவைக்கப் போகிற,
உன் அக்கா
சரோஜா