ஒரு மணித்தியாலம் கூட்டிச் சொன்ன கணக்கு

இஞ்சாருங்கோ,

இன்று காலை உங்கள் கவராயத்தை நானே கையில் எடுத்தேன். குசினிச் சுவரிலிருந்த வடக்கு வரைபடத்தைக் கழற்றி மேசையில் விரித்து, அவள் ஏறும் கூஜுவாக் ஊரில் ஒரு காலும் இறங்கும் புவிர்னிதுக்கில் மறு காலுமாக ஊன்றினேன். ஐந்நூற்றைம்பது கிலோமீற்றர். மகள் சொன்ன வேகத்தால் பிரித்தால் இரண்டு மணித்தியாலம். அந்தச் சின்ன விமானம் பத்துக்குக் கிளம்புகிறது என்று எழுதியிருந்தாள். பன்னிரண்டுக்கு இறங்க வேண்டும். நீங்கள் கண்மூடிய பிறகு அவள் பறக்கும் முதல் பயணம் இது.

அவள் தாதி வேலைக்கு வடக்கே போகத் தொடங்கிய நாளிலிருந்து இந்தக் கணக்கு உங்களுடையது. பத்துக்குக் கிளம்பினால் ஒருமணிக்குத்தான் இறங்குவாள் என்பீர்கள். பன்னிரண்டு அடிக்க ஜாக்கெற்றைக் கொழுவிக்கொண்டு, "பால் வாங்கவேணும், டெப்பனோர்க் கடைக்குப் போட்டு வாறன்" என்று இறங்கிவிடுவீர்கள்.

"பிரிட்ஜுக்குள்ளை ரெண்டு பை கிடக்குது. உங்களுக்கென்ன விசரோ?" என்று கத்துவேன்.

கொஞ்ச நேரத்தில் மூக்கு நுனி சிவந்து வந்து நிற்பீர்கள். "பிள்ளை இறங்கிட்டாள், எனக்குப் போன் அடிச்சவள்." ஒருமணி இன்னும் ஆகியிராது. "கணக்கு வாத்தியாரின்ரை மகனாம், கணக்கைப் பார்!" என்று எத்தனை தரம் நக்கலடித்தேன்! நீங்கள் சும்மா சிரித்தீர்கள்.

இன்று பன்னிரண்டாகியும் அழைப்பில்லை. பன்னிரண்டு பத்துக்கு நானே அழைப்பெடுத்தேன், போகவில்லை. இருபதுக்கும் போகவில்லை. அடுப்பில் பருப்பைக் கரிய விட்டேன். "முருகா, முருகா" என்பதைத் தவிர வாயில் வேறொன்றும் வரவில்லை. உங்கள் படத்தைப் பார்த்து, "என்னைத் தனிய விட்டுப்போட்டு உங்கடை பாட்டுக்குப் போட்டியள்" என்று ஏசினேன்.

பன்னிரண்டு ஐம்பதுக்குத் தொலைபேசி மணி அடித்தது.

"எதிர்க்காத்து, அம்மா. ஏன் குரல் நடுங்குது?"

"பன்னிரண்டுக்கு இறங்குவாய் எண்டு கணக்குப் பாத்தன், பிள்ளை. செத்துப் பிழைச்சன்."

"அப்பா உங்களுக்கு எப்பவும் ஒரு மணித்தியாலம் கூட்டித்தான் சொல்லுறவர். சரியான நேரம் அவருக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். அம்மாட்டைச் சொல்லிப்போடாதை எண்டவர்."

பாவி மனுசன்! அந்தப் பனிக்குள் கைபேசியைப் பிடித்தபடி தனியே நின்று பயந்திருக்கிறீர்கள். நான் கதகதப்பாக வீட்டுக்குள் இருந்து பாலுக்குச் சண்டை பிடித்திருக்கிறேன். இருந்து அழுதேன்.

பின்னேரம் மருமகன் புவாண்ட்-கிளேரிலுள்ள தன் வேலைத்தலத்திலிருந்து அழைப்பெடுத்தான். நாளை அவள் அதே வழியால் திரும்புகிறாள், இரண்டு மணிக்குக் கிளம்புகிறாள்.

"மாமி, எத்தினை மணிக்கு இறங்குவா? எனக்கு வேலை ஓடாது, பயமாக் கிடக்குது."

நாலு மணி என்பது வாய்வரை வந்தது.

"அஞ்சு மணியாகும், தம்பி. அதுவரைக்கும் நீங்கள் யோசியாமல் வேலையைப் பாருங்கோ."

நாலிலிருந்து ஐந்து வரை பயப்பட நான் இருக்கிறேன்.